முன்கர்

'முன்கர்' என்ற அரபுச் சொல்லைத் தமிழில் 'தீமை' என்று எழுதிவிடுகிறோம். அதன் வேர் ந-க-ர. அறியாதிருத்தல், ஏற்க மறுத்தல் என்பன அதன் அடிப்படைப் பொருள்கள். எதிர்ச்சொல்லான 'மஃரூஃப்' அறிதலைக் குறிக்கும் வேரில் பிறந்தது. நன்மை என்று அறியப்பட்டது. குர்ஆனின் 3:104ஆம் வசனம் இரண்டையும் சேர்த்தே பேசுகிறது.

முன்கரைக் கண்டவர் கையால் மாற்ற வேண்டும், இயலாவிட்டால் நாவால், அதுவும் இயலாவிட்டால் உள்ளத்தால் என்ற நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அதை அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) எடுத்துச் சொன்ன சூழலையும் அறிய வேண்டும். பெருநாளில் தொழுகை முடிந்த பிறகே குத்பா எனும் சொற்பொழிவு. ஆளுநர் மர்வான் அதை முன்னே கொண்டுவந்தார். ஒருவர் எழுந்து, தொழுகைதானே முதலில் என்று கேட்டார், ஆட்சியாளரின் முகத்துக்கு நேரே! அவர் தம் கடமையை நிறைவேற்றிவிட்டார் என்றார் அபூ ஸயீத்.

'கண்டவர்' என்பதைக் கவனிக்க வேண்டும். இமாம் கஸ்ஸாலி தம் 'இஹ்யா' நூலில் தீமையைத் தடுக்கும் இக்கடமைக்கென ஒரு பகுதியே எழுதினார். தீமை வெளிப்படையாக இருக்க வேண்டும், துருவித் தேடக் கூடாது என்பது அவர் வைத்த நிபந்தனை. பிறர் வீட்டிலிருந்து இசை வருகிறதா என்று ஒட்டுக்கேட்பதையும் அவர் தடுக்கிறார்.