2 வயசாகியும் குழந்தை பேசலையா? காத்திருக்காதீங்க... செங்கல்பட்டு, மாமல்லபுரம் பகுதியில் எங்கே இலவசமாகக் காட்டலாம்?

"அவங்க அப்பாவே 3 வயசுலதான் பேசினாரு, இவனும் பேசிடுவான்." குழந்தைக்குப் பேச்சு வரத் தாமதமாகும் வீடுகளில் பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் இது. பல குழந்தைகள் அப்படியே பேசியும் விடுகின்றன. ஆனால் எந்தக் குழந்தை தானாகப் பேசும், எந்தக் குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்பதை வீட்டில் இருந்தபடி சொல்லிவிட முடியாது. அதற்குப் பரிசோதனை வேண்டும். அந்தப் பரிசோதனையும் பயிற்சியும் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே அரசு மையங்களில் கிடைக்கின்றன.

எந்த வயசுல என்ன வரணும்?

குழந்தைக்குக் குழந்தை கொஞ்சம் முன்பின் இருக்கும். ஆனாலும் பெரும்பாலான குழந்தைகளிடம் இவற்றைப் பார்க்கலாம்:

• 9 மாதம்: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். பிடிக்காமல் உட்காரும்.
• 1 வயது: டாட்டா காட்டும். அம்மா, அப்பா என ஏதாவது ஒரு சொல்லால் கூப்பிடும்.
• ஒன்றரை வயது: பிடிக்காமல் நடக்கும். தான் பார்த்ததை மற்றவருக்கு விரல் நீட்டிக் காட்டும். அம்மா, அப்பா தவிர 3 சொற்களாவது சொல்லப் பார்க்கும்.
• 2 வயது: "பால் வேணும்" என்பதுபோல இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசும்.
• 3 வயது: வெளியாட்களுக்கும் பெரும்பாலும் புரியும்படி பேசும்.

இதில் ஏதாவது ஒன்று வராவிட்டால் பயப்படத் தேவையில்லை, ஆனால் விசாரிக்க வேண்டும். ஏற்கெனவே பேசிய சொற்களை குழந்தை மறந்துபோனால், எந்த வயதாக இருந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வீட்டுல என்ன பண்ணலாம்?

இதற்குக் காசு கொடுத்து பொம்மை வாங்க வேண்டியதில்லை. குழந்தையோடு பேசினாலே பாதி வேலை முடிந்தது. குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது, மீன் கழுவும்போது என்ன செய்கிறோம் என்பதைச் சொல்லிக்கொண்டே செய்யலாம். "இது நண்டு, இது இறால்" என்று காட்டிப் பெயர் சொல்லலாம். கேள்வி கேட்டால், பதில் வருவதற்குக் கொஞ்ச நேரம் கொடுக்க வேண்டும். குழந்தை "தண்ணி" என்றால், "குடிக்க தண்ணி வேணுமா?" என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்ல வேண்டும்.

மாமல்லபுரத்துக்குக் கூட்டிப் போனால் அர்ஜுனன் தபசு சிற்பமே நல்ல படப் புத்தகம். பெரிய யானையின் காலடியில் குட்டி யானைகள் எங்கே என்று கேட்கலாம். ஒற்றைக்காலில் நிற்கும் தவசி மாதிரி நின்று காட்டச் சொல்லலாம். 4, 5 வயது குழந்தைக்கு உடலைச் சமநிலையில் வைக்க அது நல்ல பயிற்சியும்கூட.

வீட்டில் தெலுங்கோ, இந்தியோ, இருளர் மொழியோ பேசினால் அதிலேயே பேசுங்கள். இரண்டு மொழி கேட்பதால் குழந்தைக்குப் பேச்சுக் கோளாறு வருவதில்லை.

போன் எவ்வளவு நேரம்?

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 2 வயது ஆகும்வரை போன், டிவி பார்க்க வைக்காமல் இருப்பதே நல்லது. 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது. போனில் ரைம்ஸ் ஓடும்போது குழந்தை கேட்க மட்டுமே செய்கிறது. பதில் சொல்ல எதிரே ஆள் இருந்தால்தான் பேச்சு வளரும்.

எங்கே காட்டுறது?

1. அங்கன்வாடி: முதலில் உங்கள் ஊர் அங்கன்வாடிப் பணியாளரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ சொல்லுங்கள்.

2. நடமாடும் மருத்துவக் குழு: 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. எனும் தேசிய சிறார் நலத் திட்டத்தின் குழுவினர், அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு 2 முறை பரிசோதிக்க வேண்டும். அந்த நாளில் குழந்தையைத் தவறாமல் அழைத்துச் செல்லுங்கள்.

3. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை: வளர்ச்சித் தாமதம் தெரிந்தால், இங்குள்ள மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். இங்கே சேவை இலவசம்.

4. முட்டுக்காடு: கிழக்குக் கடற்கரைச் சாலையில், மத்திய அரசின் என்.ஐ.இ.பி.எம்.டி. நிறுவனம் உள்ளது. 6 வயது வரையிலான குழந்தைகளுக்கான ஆரம்ப நிலை சிகிச்சை மையம் இங்கே 2021 ஜூனில் தொடங்கப்பட்டது. கோவளம், மாமல்லபுரம் பக்கம் இருப்பவர்கள் சென்னைக்குள் போகாமலே இங்கு வரலாம்.

பரிசோதனை நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டுமா என்றால், இல்லை. சந்தேகம் வந்ததுமே அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். 104 எண்ணில் அழைத்தும் ஆலோசனை கேட்கலாம்.

ஏன் இந்த அவசரம்?

"டிவி சத்தத்துக்குத் திரும்புறானே, காது கேட்குதே" என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. பெரிய சத்தம் கேட்கும் குழந்தைக்கும் பேச்சொலி சரியாகக் கேட்காமல் இருக்கலாம். கேட்காத சொல்லைக் குழந்தையால் பேச முடியாது. ஒலியைப் புரிந்துகொள்ள மூளை பழகுவது முதல் சில ஆண்டுகளில்தான். அதனால்தான் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வழங்கப்படுகிறது. "பள்ளிக்கூடம் போனா சரியாயிடும்" என்று காத்திருந்தால் அந்த வயது கடந்துவிடும்.

போகும்போது எடுத்துட்டுப் போங்க

• தடுப்பூசி அட்டை, பிறந்த மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி
• ஆதார், காப்பீட்டுத் திட்ட அட்டை
• குழந்தை வீட்டில் விளையாடுவதை, பேச முயல்வதை எடுத்த சிறிய போன் வீடியோ. புது இடத்தில் குழந்தை மிரண்டுபோனால் மருத்துவருக்கு இது உதவும்.

மையத்தில் பயிற்சி கொடுப்பது வாரத்தில் சில மணி நேரம்தான். அங்கே சொல்லிக் கொடுப்பதை அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி எல்லோரும் கவனித்து, வீட்டில் தினமும் செய்தால்தான் பலன் கிடைக்கும். முடிந்தால் முதல் நாளே குழந்தையோடு அதிக நேரம் இருப்பவரையும் கூட்டிச் செல்லுங்கள்.