பழவேற்காட்டுக் கரையில் முக்கோணம்

வட்டம் ஒன்றின் பத்தாம் ஆண்டு மலரில் முக்கோணத்தைப் பற்றி எழுதப் புகுவது அன்பர்கள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் பழவேற்காட்டு ஏரியின் கரையூர்களுடைய வரலாற்றை எண்ணிப் பார்க்கும்போது அவ்வடிவத்தை விலக்கிவிட்டு மேலே செல்ல இயலவில்லை.

பள்ளியில் நாம் கற்ற வகைகள் ஆறு. பக்கங்களைக் கொண்டு நோக்கினால் சமபக்க முக்கோணம், இருசமபக்க முக்கோணம், அசமபக்க முக்கோணம். கோணங்களைக் கொண்டு நோக்கினால் குறுங்கோண, செங்கோண, விரிகோண முக்கோணங்கள். தேர்வு எழுதி முடித்த மறுநாளே நம்மில் பலர் மறந்துவிட்ட இப்பாகுபாட்டைச் சோழமண்டலக் கரையில் இரு சாரார் தம் தொழிலின் உயிர்நிலையாகக் கொண்டிருந்தனர். ஒரு சாரார் நிலத்தை அளந்தவர்கள். மற்றொரு சாரார் கடலில் வலை விரித்தவர்கள். முன்னவருடைய கணக்கு நூல்களில் ஏறிவிட்டது. பின்னவருடைய கணக்கு எங்கே இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

நிலம் அளந்தவர் கதையை முதலில் காண்போம். 1792 இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வு நிலையம் எழுந்தது. அங்கு நாட்டப்பட்ட கருங்கல் தூணில் இலத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டிருப்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது. அந்நிலையத்தை அமைத்த மைக்கேல் டாப்பிங் 1794 இல் எட்டு மாணவர்களைக் கொண்டு நில அளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வித்து அதுவே.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1802 ஏப்ரல் 10 ஆம் நாள், வில்லியம் லாம்டன் பரங்கிமலையை அடுத்த சமவெளியில் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். அவர் கையாண்ட நூறடி எஃகுச் சங்கிலி சீனப் பேரரசருக்குக் காணிக்கையாகக் கொண்டு செல்லப்பட்டு, அங்கு ஏற்கப்படாமல் திரும்பி வந்தது. கோணங்களை அளப்பதற்கு இலண்டனில் செய்வித்த தியோடலைட் அரை டன் எடையுள்ளது. வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பலிடம் சிக்கி மொரீசியஸ் சென்று, பின்னரே சென்னை சேர்ந்தது.

இம்முறையின் நுட்பம் எளியது. ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு முனைகளிலுள்ள கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களையும் சங்கிலி போடாமலே கணக்கிட்டுவிடலாம். அப்பக்கங்களே அடுத்த முக்கோணங்களுக்கு அடியாகும். இவ்வாறு ஒன்றன் தோளில் ஒன்றாக முக்கோணங்கள் ஏறி நாட்டையே அளந்து சென்றன. ஆனால் எல்லா முக்கோணமும் இதற்கு உதவாது. ஒரு கோணம் மிகச் சிறுத்துவிட்டால், அதை அளப்பதில் நேரும் அணுவளவு பிழையும் பக்க நீளத்தில் பெரும்பிழையாக விரியும். முப்பது பாகைக்குக் குறைந்த கோணத்தை அளவையாளர் இயன்றவரை தவிர்த்தனர். அவர்கள் நாடியது சமபக்க முக்கோணத்தை. அது கிட்டாதவிடத்து அதற்கு நெருங்கியதை. மூன்று கோணமும் ஒத்திருந்தால் பிழையும் ஒரு பக்கமே குவியாது.

பாடநூல் சொல்லாத ஒன்றையும் அவர்கள் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது. மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை என்பது தாளில் வரையும் முக்கோணத்திற்குத்தான் முற்றும் பொருந்தும். பூமியோ உருண்டை. பக்கம் 50 கிலோமீட்டர் கொண்ட சமபக்க முக்கோணத்தைப் பூமியின் மேல் வரைந்தால் கூடுதல் ஏறத்தாழ ஐந்தரை விகலை மிகும். அந்தச் சிறு மிகையைக் கணக்கில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு அவர்கள் அளவை நுண்ணியதாக இருந்தது.

நல்ல முக்கோணத்திற்கு உயரமான இடங்கள் வேண்டும். மலை இருந்தால் மலை, இல்லையேல் கோபுரம். காவிரிச் சமவெளியில் மலை இல்லாமையால் 1808 இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் தியோடலைட்டை ஏற்ற முயன்றபோது வடம் அறுந்து, கருவி மோதிச் சேதமுற்றது. பின்னாளில் கல்கத்தாவிலிருந்து கிழக்குக் கரையோரமாகச் சென்னை நோக்கி மற்றொரு முக்கோணத் தொடர் வந்தது. லாம்டன் 1823 இல் மறைந்தார். அவர் தொடங்கிய அளவை இமயம் வரை சென்றது.

இனிப் பழவேற்காட்டுக்கு வருவோம். ஒல்லாந்தர் 1613 இல் கெல்டிரியாக் கோட்டை கட்டிய ஊர் இது. 1795 இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1825 முதல் முற்றும் அவர்களுடையதாயிற்று. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய ஏரி இதுவே. ஏரிக்கும் கடலுக்கும் இடையே தாழ்ந்த மணல் திட்டு. பனையும் சவுக்கும் தவிர உயர்ந்தது எதுவுமில்லை. 1859 இல் கலங்கரை விளக்கம் நிறுவப்பட்டது. அதனருகே உள்ள ஊருக்கு லைட் ஹவுஸ் குப்பம் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நிலம் தாழ்ந்த இக்கரையிலிருந்து கட்டுமரம் ஏறிச் சென்றவர் ஆழ்கடலில் மீன் கூடும் இடத்தை மறுநாளும் எவ்வாறு கண்டுபிடித்தார்? நீரின் மேல் கல் நாட்ட முடியாது. அவர் கரையைத் திரும்பிப் பார்த்தார். முன்னால் உள்ள ஒரு பனைக்கு நேர் பின்னால் விளக்குத் தூண் வந்து மறைகிறதா? அது ஒரு கோடு. வேறு திசையில் ஒரு கோயில் மேற்கூரையும் ஒரு தோப்பின் முனையும் ஒன்றுபடுகின்றனவா? அது மற்றொரு கோடு. இரண்டும் வெட்டும் புள்ளியில் கட்டுமரம் நிற்கிறது. கரையிலுள்ள இரண்டு அடையாளங்களும் கட்டுமரமும் முக்கோணத்தின் மூன்று முனைகளாகின்றன. தமிழ்க் கரைகளில் தந்தை மகனுக்குக் கண்ணால் காட்டிக்கொடுத்த கல்வி இது.

இங்கும் எல்லா முக்கோணமும் உதவாது. ஆனால் அளவையாளர் சமபக்கத்தை நாட, மீனவருக்கு வேண்டியது செங்கோணம். கட்டுமரம் நிற்கும் முனையில் இரு கோடுகளும் நேர்க்குத்தாக வெட்டினால் இடம் மிகத் தெளிவாகும். பத்துப் பாகையில் வெட்டினால், பார்வையில் நேரும் அதே சிறு பிழை ஏறத்தாழ ஆறு மடங்காகிவிடும். கடலுக்குள் தொலைவு செல்லச் செல்ல, கரையிலுள்ள இரு அடையாளங்களும் நெருங்கிவருவதுபோல் தோன்றி முனைக்கோணம் கூர்மையாகும். ஆகவேதான் தேர்ந்த மீனவர் அருகருகே உள்ள அடையாளங்களை நம்பாமல், வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக விலகியிருப்பவற்றைத் தேர்ந்துகொள்வார். செங்கோணம் என்னும் பெயரை அவர் அறிந்திருக்க வேண்டியதில்லை. அதன் பயனை அறிந்திருந்தார்.

லாம்டனுடைய முக்கோணம் ஒவ்வொன்றும் அச்சேறியது. அவருக்காகச் சங்கிலி சுமந்தவர், கொடி பிடித்து வெயிலில் நின்றவர் பெயர்கள் ஏறவில்லை. கடலின் முக்கோணமோ முற்றிலும் ஏட்டுக்கு வெளியே நின்றது. நிலத்தை அளந்த முக்கோணம் வரிக்கும் ஆட்சிக்கும் துணையாயிற்று. கடலின் முக்கோணம் ஒரு குடும்பத்தின் அடுப்பைக் காத்தது. வரலாறு முன்னதை மட்டுமே அறிவியல் என்றது.

ஏரிக்குள்ளும் இதே நிலைதான். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில், எவர் எந்த நாளில் எந்த நீரிடத்தில் வலை கட்டலாம் என்பதைப் ‘பாடு’ என்னும் முறை வகுத்தது. அந்நீரிடங்களின் எல்லை கண்ணிலும் சொல்லிலும் நினைவிலுமே வாழ்ந்தது.

இப்போது ஜி.பி.எஸ். கருவி படகேறிவிட்டது. அதுவும் வானத்துக் கோள்களை முனைகளாகக் கொண்டு தொலைவுகளால் இடம் காண்பதுதான். அதன் வருகையைப் பழிக்க வேண்டியதில்லை. கரையிருளில் வழி தவறாமல் வீடு திரும்ப அது உதவுகிறது. ஆனால் பார்த்துப் பழகிய கண் ஒரு தலைமுறையில் மறந்துவிடும். ஒரு பனை சாய்ந்தால் ஒரு கோடு அழியும். அக்கோட்டுக்கு இட்ட பெயரும் உடன் அழியும்.

நம் முன்னோர் கணக்கையும் செய்யுளில் வைத்தவர்கள். காரி நாயனாரின் கணக்கதிகாரம் நில அளவையும் பொன் அளவையும் பாட்டில் சொன்ன நூல். கடலில் இடம் காணும் கணக்கிற்கு அத்தகைய நூல் ஒன்று எழவில்லை. அடுத்த பத்தாண்டுக்குள் நம் வட்டத்துக் கவிஞர் சிலரேனும் குறிப்பேட்டோடு இக்குப்பங்களுக்குச் சென்று, முதியோர் வாய்மொழியில் எஞ்சியுள்ள அடையாளப் பெயர்களைத் திரட்டி வருவார்களாயின், அதுவே இம்மலருக்குப் பின் நாம் செய்யத்தக்க நற்பணியாகும். பாட்டாக்குவது பிறகு ஆகட்டும். பெயர்கள் முதலில் கரை சேரட்டும்.