தீர்ப்பைத் தமிழில் அச்சேற்றிய முன்சீப்

மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நாம் பிரதாப முதலியார் சரித்திரத்தின் (1879) ஆசிரியராகவே அறிவோம். அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பு, 1862இல், அவர் வெளியிட்ட சித்தாந்த சங்கிரகத்தை நமது இலக்கிய வரலாறுகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. சென்னை சதர் அதாலத் 1805 முதல் 1861 வரை அளித்த தீர்ப்புகளை அவர் தமிழாக்கித் தொகுத்த நூல் அது. தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் எனக் காவிரிப் படுகையில் முன்சீப்பாக இருந்தவர் அவர்.

அதே 1862இல் சதர் அதாலத் மறைந்து சென்னை உயர் நீதிமன்றம் பிறந்தது. அதன் தீர்ப்புகள் முதலில் 'மெட்ராஸ் ஹைகோர்ட் ரிப்போர்ட்ஸ்' தொகுதிகளாக வந்தன. அரசு அங்கீகாரம் பெற்ற அறிக்கைக்கே முதலிடம் என 1875ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. மறு ஆண்டே 'இந்தியன் லா ரிப்போர்ட்ஸ்' சென்னை வரிசை தொடங்கியது. 1891இல் தனியார் முயற்சியாக 'மெட்ராஸ் லா ஜர்னல்' சேர்ந்தது. மூன்றும் ஆங்கிலமே.

ஆகவே திருத்துறைப்பூண்டியில் வரப்புத் தகராறுக்காகக் கோர்ட்டுக்குச் செல்லும் விவசாயி, தன் வழக்கைத் தீர்மானிக்கும் முன்தீர்ப்பை வக்கீல் வாயிலாகவே அறிய நேர்ந்தது. உச்ச நீதிமன்றம் 2019 ஜூலையில் தீர்ப்புகளை மாநில மொழிகளில் வெளியிட முனைந்தபோதும் முதற்பட்டியலில் தமிழ் இல்லை; எதிர்ப்பு எழுந்த பின்னரே சேர்க்கப்பட்டது.

வாதி, பிரதிவாதி, காரணம், முடிவு என எதையும் பிசகாமல் தமிழில் சொல்லியாக வேண்டிய நெருக்கடியில்தான் வேதநாயகரின் உரைநடை பழகியது எனக் கருத இடமுண்டு. உரைநடை வரலாற்றைக் கற்பிக்கும் நாம் நாவலோடு இந்நூலையும் மாணவர்முன் வைத்தல் வேண்டும்.