வானில் கூறியது கூறல்

நன்னூல் பயின்றோர் பத்துக் குற்றங்களை அறிவர். ‘கூறியது கூறல்’ அவற்றுள் ஒன்று. ‘மயங்க வைத்தல்’ மற்றொன்று. ஒரு துறையில் மட்டும் முன்னது கடமையாகிறது. பின்னது உயிரைப் பறிக்கிறது. விமானிக்கும் தரைக் கட்டுப்பாட்டாளருக்கும் இடையே நிகழும் வானொலி உரையாடலே அத்துறை. அதன் வரலாறு சொல்லின் வரலாறும் ஆதலின், கவிஞர் நிறைந்த நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அதனை எழுதத் துணிந்தேன்.

மலையும் அலையும்

ஜவ்வாது மலை, விண்மீன்களுக்காக இருளைப் போற்றும் மலை. அங்குள்ள காவலூரில் 93 அங்குல வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் வானை நோக்கி வருகின்றது. அம்மலையில் இரவில் அண்ணாந்து பார்ப்போர், விண்மீன்களினூடே வானூர்தி விளக்குகள் மின்னிக் கடப்பதைக் காண்பர். அவ்விளக்குக்கும் தரைக்கும் இடையே நடக்கும் பேச்சோ நம் செவிக்கு எட்டுவதில்லை.

அப்பேச்சு பெரும்பாலும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளில் செல்கிறது. இவ்வலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வன. மலை குறுக்கிட்டால் அதன் மறுபுறம் குரல் சென்று சேர்வது அரிது. உயரம் கூடக்கூடக் குரலின் எல்லையும் விரியும். 35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானியின் குரல் ஏறத்தாழ 425 கிலோமீட்டர் வரை எட்டும். ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவரே பேச இயலும். இருவர் ஒருங்கே பேசின் கீச்சொலியே மிஞ்சும்.

சொல்லைத் தேர்ந்த வரலாறு

1910ஆம் ஆண்டிலேயே வானூர்தியிலிருந்து வானொலிச் செய்தி அனுப்பப்பட்டுவிட்டது. எனினும், எச்சொல்லால் பேசுவது என்னும் வினாவுக்கு விடை காணப் பல்லாண்டுகள் ஆயின. 1920களில் இலண்டன் கிராய்டன் விமான நிலைய வானொலி அலுவலர் மாக்ஃபோர்டு, ‘எனக்கு உதவுக’ என்னும் பொருளுடைய பிரெஞ்சுத் தொடரின் ஒலியைக் கொண்டு ‘மேடே’ என்னும் அபயக்குரலை அமைத்தார். எழுத்துகள் ஒன்றோடொன்று மயங்காதிருக்க ‘ஆல்ஃபா, பிராவோ, சார்லி’ எனச் செல்லும் பெயர் வரிசை 1956 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதனை உருவாக்குவதில் பங்கேற்றவர் மாண்ட்ரியல் பல்கலைக்கழக மொழியியல் பேராசிரியர் வினே. மொழி கற்பிக்கும் என்போன்றோர்க்கு இது பெருமிதம் தரும் செய்தியாகும்.

ஆயினும் ஒரு சொல்லின் மயக்கம் தெனெரீஃபில் பேரழிவில் பங்கு கொண்டது. 1977 மார்ச் 27 அன்று மூடுபனி சூழ்ந்த ஓடுபாதையில் இரு போயிங் 747 வானூர்திகள் மோதி 583 பேர் மாண்டனர். டச்சு வானூர்தியிலிருந்து வந்த தொடர், ‘புறப்பட ஆயத்தமாக நிற்கிறோம்’ என்றும் ‘புறப்படுகிறோம்’ என்றும் இருபொருள் படுவதாயிருந்தது. ‘காத்திருங்கள்’ என்ற கட்டுப்பாட்டாளரின் குரலும் மற்றை வானூர்தியின் எச்சரிக்கையும் ஒருங்கே எழுந்து கீச்சொலியில் சிதைந்தன. அதன்பின், ‘டேக் ஆஃப்’ என்னும் சொல், புறப்பட இறுதி இசைவு தரும்போதும் அதனை நீக்கும்போதும் மட்டுமே வழங்கப்படல் வேண்டும் என்னும் விதி பிறந்தது. ‘சரி’ என்னும் ஒற்றைச் சொல் போதாது, கேட்ட ஆணையின் இன்றியமையாப் பகுதியைக் கேட்டவர் திருப்பிக் கூறல் வேண்டும் என்பதும் வலியுறுத்தப்பட்டது. கூறியது கூறல் இவ்வாறு கடமையாயிற்று.

சர்க்கி தாத்ரி

நம் நாட்டின் துயரம் இதனினும் ஆழ்ந்த பாடத்தைக் கற்பித்தது. 1996 நவம்பர் 12 மாலை, தில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி வானூர்திக்கு 14,000 அடியும், தில்லி நோக்கி இறங்கிய கசாக்கிஸ்தான் வானூர்திக்கு 15,000 அடியும் வகுக்கப்பட்டிருந்தன. கசாக்கிஸ்தான் வானூர்தியில் தரையோடு பேசியவர் வானொலியாளர். உயரத்தை அறிய அவர் விமானிகளின் கருவிகளையே எட்டிப் பார்க்க வேண்டும். 15,000 அடியை அடைந்துவிட்டதாக அறிவித்த பின்னும் அவ்வானூர்தி இறங்கிக்கொண்டே இருந்தது. அந்நாளைய தில்லி ராடார் உயரத்தைக் காட்டாது. கட்டுப்பாட்டாளரிடம் இருந்த ஒரே சான்று விமானியரின் சொல். அரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே இரண்டும் மோதின. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

நீதிபதி லகோட்டி ஆணையம், இசைவின்றி 15,000 அடிக்குக் கீழே இறங்கியதே மூலகாரணம் என்றது; அதற்குத் துணைநின்றவற்றுள் ஆங்கில அறிவின் குறையையும் சுட்டிற்று. பின்னர் மோதல் தவிர்ப்புக் கருவி இந்திய வானில் கட்டாயமாக்கப்பட்டது. 2008இல் விமானியர்க்கும் கட்டுப்பாட்டாளர்க்கும் மொழித்திறன் அளவுகோல் உலகளவில் நடைமுறைக்கு வந்தது.

சர்க்கி தாத்ரியில் 15,000 என்னும் எண் வானொலியில் பிழையின்றியே ஒலித்தது. அவ்வெண்ணுக்கும் வானூர்தி இருந்த உயரத்துக்கும் இடையே தொடர்பு அற்றிருந்தது. மயக்கமற்ற சொல்லும் வாய்மையற்றதாயின் காவாது என்பதே 349 உயிர்கள் விட்டுச்சென்ற பாடம்.

சிலேடையைச் சுவைத்து மகிழ்பவர்கள் நாம். ஒரு சொல் இருபொருள் தருவது கவிதைக்கு அணி. அவ்வணியை முற்றும் துறந்த மொழி ஒன்று, இரவுதோறும் ஜவ்வாது மலைக்கு மேலே பேசப்படுகிறது. ஒருவர் ஓர் எண்ணைச் சொல்ல, மற்றவர் அதனையே திருப்பிக் கூறுகிறார். உறங்கும் பயணியர் அறியாத அச்சிறு மறுமொழியில் அவர்தம் உயிர் தங்கியுள்ளது.