நுவரெலியா பீர் ஆலை

நுவரெலியா பீர் ஆலை, இலங்கை மலையகத்தில் ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இயங்கியது. தீவெங்கும் விற்கும் ‘லயன்’ பீரின் தாய்வீடு இதுவே. ஆலை மலையில் முளைத்ததற்கும் பின்னர் சமவெளிக்கு இறங்கியதற்கும் காரணம் குளிர்ச்சிதான்.

சாமுவேல் பேக்கர், பின்னாளில் ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைக் கண்டு புகழ்பெற்றவர், 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலேயக் குடியேற்றத்தை அமைத்தார். ஆடு மாடு முதல் கொல்லர் வரை இங்கிலாந்திலிருந்து கப்பலேற்றியவர் பீரை விட்டுவைப்பாரா? 1849இல் சிறிய அளவில் தயாரிப்பு தொடங்கியது. 1855இல் பேக்கர் ஊர் திரும்பிவிட்டார். வணிக ஆலையாக ‘சிலோன் ப்ரூவரி’ எழுந்தது 1881இல். 1911இல் அது வரையறுக்கப்பட்ட நிறுவனமாகப் பதிவானது.

பீர் காய்ச்ச, முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை (மால்ட்) வெந்நீரில் ஊறவைத்து, வடித்த சாற்றை ஹாப்ஸ் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் கலந்து புளிக்கவிட வேண்டும். கொழும்பின் வெக்கையில் இந்தச் சாறு சீக்கிரம் கெடும். ஈஸ்ட்டும் தறிகெட்டு வேலைசெய்து சுவையைக் கெடுக்கும். குளிரூட்டும் இயந்திரம் பரவாத காலத்தில் மலைக்குளிர்தான் கதி. கசௌலி, மர்ரி, உதகை ஆகிய மலை ஊர்களிலும் பீர் ஆலைகள் எழுந்தது இதனால்தான். நீலகிரியின் காசில் ப்ரூவரி 1915இல் யுனைடெட் ப்ரூவரீஸில் இணைந்தது. சென்னை மாகாணமோ 1937இல் சேலத்தில் தொடங்கி 1948இல் முழு மதுவிலக்குக்கு வந்துவிட்டது. திருவள்ளூர் மாவட்டத்து பீர் ஆலைகள், மதுவிலக்கு தளர்ந்த 1981க்குப் பின் வந்தவை. நுவரெலியாவுக்கு அப்படி ஒரு முறிவு நேரவில்லை.

தண்ணீர் பக்கத்து ‘லவர்ஸ் லீப்’ அருவியிலிருந்து கிடைத்தது. மற்றதெல்லாம் கடல் கடந்து வந்த சரக்கு. அருகிலுள்ள நானுஓயாவுக்கு ரயில் வந்தது 1885இல்தான். அதுவரை மலைப்பாதையில் மாட்டுவண்டி. கோப்பித் தோட்டங்கள் நோயில் அழிந்து தேயிலை பரவிவந்த காலம் அது. பீர் துரைமாரின் பானம். அவர்கள் தோட்டங்களில் உழைத்த தமிழர்க்குச் சாராயம், சமவெளியில் கள்ளுத் தவறணை.

ஆலையின் சாதனை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது லயன் ஸ்டவுட். கருக வறுத்த வாற்கோதுமை தரும் காப்பி, சாக்லேட் வாசனையும் கருநிறமும் கொண்ட இந்தக் கடும் பீரில் இப்போது ஆல்கஹால் 8.8 விழுக்காடு. வெப்பநாட்டில் இது எப்படி நிலைத்தது என்று மேலைநாட்டார் வியப்பார்கள். பிரிட்டிஷ் பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்லர்) இதைப் புகழ்ந்து எழுதியபின் வெளிநாட்டிலும் தேடிக் குடிக்கத் தொடங்கினார்கள். அவர் கண்ட காட்சி ஒன்று: நுவரெலியா ‘பீர் ஷாப்’பில் ஸ்டவுட்டை மரப்பீப்பாயிலிருந்து கைப்பம்பால் இறைத்து ஊற்றினார்கள். இங்கிலாந்திலேயே அருகிவந்த வழக்கம், தேயிலை மலையில் உயிரோடிருந்தது. அன்றாட விற்பனைக்கு லயன் லாகர் இருந்தது. கார்ல்ஸ்பெர்க் பீரும் உரிமம்பெற்றுத் தயாரானது.

குளிரூட்டும் இயந்திரம் எங்கும் வந்தபின் மலையில் இருப்பதில் ஆதாயம் இல்லை. மால்ட்டை மேலேற்றிப் புட்டிகளைக் கீழிறக்கும் செலவுதான் மிஞ்சியது. கொழும்புக்கு அருகே பியகமவில் 1998இல் புதிய ஆலை திறக்கப்பட்டது. காலப்போக்கில் மலை ஆலை மூடப்பட்டது. பியகம ஆலையை நடத்தும் லயன் ப்ரூவரி நிறுவனம் கார்சன் கம்பர்பேட்ச் குழுமத்தைச் சேர்ந்தது. 2014இல் போட்டியாளரான மில்லர்ஸ் ப்ரூவரியை வாங்கியபின், உள்நாட்டில் அதற்குச் சமமான போட்டி இல்லை எனலாம்.

சமவெளிக்கு வேறு ஆபத்து உண்டு. 2016 மே மாதம் களனி ஆறு பெருகி பியகம ஆலை மூழ்கியது. உற்பத்தி மாதக்கணக்கில் நின்றுபோனது. சந்தையைக் காக்க நிறுவனம் வெளிநாட்டிலிருந்து பீரை இறக்குமதி செய்தது.