நட்ட கல்லும் வண்ணச் சுதையும்: மலையகத் தோட்டக் கோயில்களின் உருவங்கள்

கதையிலும் புராணத்திலும் மட்டுமே வாழும் உருவங்களைச் சிறிய அளவில் செய்து, செப்பனிட்டு, வண்ணம் தீட்டும் பழக்கம் மேற்குலகில் ஒரு பொழுதுபோக்காக நிலைபெற்றது 20ஆம் நூற்றாண்டில்தான். எச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூல், ஈயப் படைவீரர்களைக் கொண்டு வீட்டுத் தரையில் ஆடும் போர் விளையாட்டுக்கு விதிகளை வகுத்தது. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, 1983இல் இங்கிலாந்தில் வெளிவந்த ‘வார்ஹாமர்’ ஆகிய விளையாட்டுகளின் வழியே அரக்கர்களும் மாயாவிகளும் பறக்கும் நாகங்களும் அந்தப் படைவீரர்களோடு மேசைக்கு வந்தனர். இலங்கையின் மத்திய மலைநாட்டில், நுவரெலியாவையும் ஹட்டனையும் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், ஏறக்குறைய இதே வேலைப்படிகள் வேறொரு தேவைக்காக நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வருகின்றன. அங்கே உருவம் தனி ஒருவரின் மேசைக்கு உரியதன்று. ஒரு தோட்டத்தின் எல்லா லயங்களுக்கும், அதாவது தொழிலாளரின் தொடர்வீட்டு வரிசைகளுக்கும், பொதுவான கோயிலுக்கு உரியது. அவ்வுருவங்கள் நட்ட கல்லிலிருந்து வண்ணச் சுதைக்கு மாறிய வரலாறு, கூலிகளாக வந்த மக்கள் அந்த மண்ணுக்கு உரியவர்களாக வேரூன்றிய வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது.

19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கோப்பித் தோட்டங்களுக்காகவும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட பின்னர், 1869இல் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழிக்க அதன் இடத்தைப் பிடித்த தேயிலைக்காகவும், கங்காணிகள் எனப்பட்ட ஆள்சேர்ப்போர் வழியாகத் தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து மக்கள் அழைத்துவரப்பட்டனர். அவர்கள் விட்டுவந்த ஊர்கள் வண்ண உருவங்களால் நிறைந்தவை. ஊர் எல்லையில் அய்யனாரும், கோரைப்பல்லும் முறுக்கு மீசையும் கொண்ட காவல் வீரரும், வேளார் எனப்படும் குயவர் வனைந்து சுட்டு நிறம் தீட்டிய மண்குதிரைகளும் அங்கு வரிசையாக நின்றன. மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, நோயாலும் பசியாலும் பலரை வழியில் பறிகொடுத்து மலையேறியவர்கள் அவ்வுருவங்களையோ அவற்றைச் செய்யும் கைவினைஞரையோ உடன் கொண்டுவர இயலவில்லை. ஆகவே தோட்டத்தின் தொடக்கக் கோயில் என்பது பெரும்பாலும் மரத்தடியில் நட்ட ஒரு கல்லாகவோ சூலமாகவோ இருந்தது. மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் மட்டுமே அதன் வண்ணங்கள்.

உருவம் இல்லாத நிலையிலும் தெய்வங்கள் பெருகின. மாரியம்மன், முனியாண்டி, மாடசாமி, கருப்பன் ஆகியோரோடு, தோட்டத் தொழிலே பெற்றெடுத்த தெய்வங்களும் வழிபாட்டில் இடம்பெற்றன. ஆலை இயந்திரச் சக்கரங்களில் உறைவதாகக் கருதப்படும் ரோதைமுனி, தேயிலைச் செடியைக் கிளை வெட்டி மட்டப்படுத்தும் கவ்வாத்து வேலையின்போது கும்பிடப்படும் கவ்வாத்துச்சாமி ஆகியோர் அத்தகையவர். புராண நூலோ சிற்ப நூலோ இவர்களுக்கு இலக்கணம் வகுக்கவில்லை. எனவே இத்தகைய தெய்வத்துக்கு முகம் தர முனையும் கைவினைஞர், பழைய காவல் தெய்வங்களின் சாயலிலிருந்தே அதனைக் கற்பனை செய்ய வேண்டியிருந்தது.

கல்லுக்கும் சுதைக்கும் இடைப்பட்ட கட்டத்தை நிரப்பியது அச்சுப்படம். இரவிவர்மாவின் அச்சகம் 1894இல் தொடங்கிவைத்த வண்ணத் தெய்வப்படங்களும், பின்னாளில் கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜுவும் அவர் மாணவர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான நாட்காட்டிப் படங்களும், ரோஜா நிற மேனி, நீல நிற மேனி, தங்கக் கரையிட்ட பட்டு என ஒரு பொது வண்ணமரபைத் தமிழர் வாழும் இடமெங்கும் பரப்பின. இன்று தோட்டக் கோயில்களின் சிறு கோபுரங்களில் காணப்படும் நிறத்தேர்வு, பழைய சிற்ப நூல்களைக் காட்டிலும் இப்படங்களுக்கே நெருக்கமானது.

சுதை என்பது செங்கல்லை உள்ளுடலாகக் கட்டி, அதன்மேல் சுண்ணாம்புச் சாந்தைப் பூசி உருவமாக்கும் முறை. மணலோடு கலந்து அரைத்த சுண்ணாம்பில், கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்துச் சாந்துக்கு இறுக்கம் தருவது மரபு. பின்னர் கம்பியும் கம்பிவலையும் சீமெந்தும் இவற்றின் இடத்தைப் பெற்றன. உருவத்தின் அளவை முடிவு செய்வது தாலம் என்னும் கணக்கு. முகத்தின் நீளத்தை ஓர் அலகாகக் கொண்டு, உயர்ந்த தெய்வத்துக்குப் பத்துத் தாலம், பிள்ளையாருக்கு ஐந்து, குறுந்தாட் பூதத்துக்கு நான்கு என அது வகுக்கிறது. ஆகவே பூதம் என்பது சிறிதாக்கப்பட்ட மனிதன் அன்று, தலை பெருத்துக் கால் குறுகிய தனி வடிவம். உயரத்தில் நிற்கும் சிலைகளின் கண்ணையும் கையையும் கீழிருந்து காண்பவருக்குத் தெளிவாகும்படி மிகைப்படுத்துவதும் வழக்கம். ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் உயரமுள்ள விளையாட்டு உருவங்களைச் செய்வோரும் தலை, கை, ஆயுதம் ஆகியவற்றை இயல்பளவினும் பெரிதாக வடிப்பதற்குக் காரணம் இதுவே: பார்வைக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள தொலைவை வடிவமே ஈடுசெய்ய வேண்டும்.

வண்ணம் தீட்டும் ஒழுங்கிலும் இவ்வொற்றுமை தொடர்கிறது. பொழுதுபோக்குக் கலைஞர் அச்சின் இணைப்புக் கோட்டைச் சுரண்டி, அடிப்பூச்சு இட்டு, தளநிறம் தந்து, பள்ளங்களில் இருளையும் மேடுகளில் ஒளியையும் ஏற்றுகிறார். சுதைக் கலைஞர் வெடிப்பை அடைத்து, பரப்பைத் தேய்த்து, வெள்ளை பூசி உலரவிட்டு, மேனி, ஆடை, அணி என்ற முறையில் உள்ளிருந்து வெளியே செல்கிறார். கண்ணுக்கு மட்டும் இரு உலகங்களிலும் இடம் வேறு. விளையாட்டு உருவத்தில் கண்ணை முதலில் தீட்டுவதா இறுதியில் தீட்டுவதா என்பது அவரவர் வசதி; கோயில் உருவத்திலோ கண் திறத்தல் என்பது ஒரு சடங்கு, அதற்கு முன்னர் உருவம் வெறும் பொருளே. இந்நம்பிக்கை மலைநாட்டில் தமிழருக்கு மட்டும் உரியதன்று. 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிமவள ஆய்வுத் துறையை வழிநடத்திய ஆனந்த குமாரசுவாமி, கண்டிப் பகுதிக் கைவினைஞரை ஆராய்ந்து 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில், புத்தர் சிலைக்குக் கண் தீட்டும் சடங்கை விரிவாகப் பதிவுசெய்தார். அச்சடங்கில் ஓவியர் சிலையை நேரே நோக்காமல், கண்ணாடியில் அதன் முகத்தைப் பார்த்தபடியே கண்ணைத் தீட்டுவார்.

மலைநாட்டின் மழையும் பனிமூட்டமும் வண்ணத்துக்குப் பகை. பாசி படர்ந்து, நிறம் உரிந்து, சீமெந்தினுள் உள்ள கம்பி துருவேறுவதால், 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்துவது மரபாகிய கும்பாபிசேகம் இங்கு சமயத் தேவையாக இருப்பதோடு பராமரிப்புத் தேவையாகவும் அமைகிறது. திருப்பணி நடக்கும் காலத்தில் தெய்வத்தின் ஆற்றலைக் கும்பத்திலோ, உருவம் தீட்டிய அத்திமரப் பலகையிலோ தற்காலிகமாக எழுந்தருளச் செய்வர். பாலாலயம் எனப்படும் இந்த ஏற்பாட்டினால், அளவிற் சிறிய ஒரு வண்ண ஓவியம் சில மாதங்களுக்குக் கோயிலின் முழுப் பெருமையையும் தாங்கி நிற்கிறது.

திருப்பணிச் செலவைத் தாங்கும் துணிவு எளிதில் வந்ததன்று. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது; 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை தரவும் வகுத்தது. நாளை இருப்போமா என்று அறியாதவர் கோபுரம் எழுப்பத் தயங்குவது இயல்பு. 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்கள் எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்த்தபோது, கோபுரமும் சுதையும் வெறும் அழகூட்டலாக இல்லாமல், இங்கேயே இருப்போம் என்னும் உறுதியின் அறிவிப்பாகவும் பொருள்பட்டன. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவிலான லயக் காம்பராவில், அதாவது லயத்தின் ஓர் அறையில், நவராத்திரிக் கொலுவுக்குப் படி கட்ட இடமேது? அதனால் பொம்மை வரிசையும் கோயிலுக்கோ பள்ளிக்கூட வாணிவிழாவுக்கோ சென்றது. வீட்டுக்குரிய கலைகூட அங்கே பொதுவுடைமை ஆயிற்று.

இப்பொதுமைக்கு ஒரு விலையும் உண்டு. சுதையின் அடியில் உபயம் என்ற சொல்லோடு நன்கொடையாளர் பெயர் எழுதப்படுகிறது; தீட்டியவர் பெயர் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஒவ்வொரு திருப்பணியிலும் பழைய பூச்சு சுரண்டப்படுவதால், முந்தைய தலைமுறை தன் தெய்வத்தை எந்த நிறத்தில் கண்டது என்பதற்கான சான்றும் அதனோடு போகிறது. தோட்டத் தொழிலாளரின் வரலாற்றைச் செக்ரோல் எனப்படும் தோட்டப் பெயர்ப்பதிவு ஏடுகளிலும் அரசாணைகளிலும் மட்டும் தேடுவோர், அடுத்த வெள்ளைப் பூச்சுக்கு முன்னதாக இவ்வுருவங்களைப் படமெடுத்து, தீட்டியவரின் பெயரையும் கேட்டு எழுதி வைப்பின், அம்மக்கள் தாமே தேர்ந்தெடுத்து உருவாக்கிய ஆவணம் ஒன்று அவர்களுக்குக் கிடைக்கும்.