பட்டணத்துச் சங்கீதம் கிராமத்திலிருந்துதான் போனது

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, மும்பையையோ டில்லியையோ விட்டுக் காவிரிக் கரையிலோ பாலக்காட்டிலோ பூர்வீக ஊருக்குத் திரும்பிய நம் அங்கத்தினர்கள் பலரிடம் ஒரே குறையைக் கேட்கலாம். காற்றும் தண்ணீரும் நன்றாக இருக்கின்றன, கோயிலும் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் கச்சேரி இல்லை. மும்பைக்காரருக்கு ஷண்முகானந்தா ஹால் நினைவுக்கு வருகிறது. பெங்களூர்க்காரருக்குக் காயன சமாஜமும், 1939 முதல் நடந்துவரும் ராமசேவா மண்டலியின் ராமநவமிப் பந்தலும். சென்னைவாசிக்கு மார்கழி வந்தால் இருப்புக்கொள்ளாது. சபா கேண்டீன் உட்பட!

இந்தக் குறையில் ஒரு விசித்திரம் உண்டு. சபாவின் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள். செம்மங்குடி, மகாராஜபுரம், முடிகொண்டான், உமையாள்புரம், ஆலத்தூர், ஆலங்குடி என்று வித்வான்களின் பெயருக்கு முன்னால் நிற்பவை எல்லாம் ஊர்கள். நகரத்தில் நாம் டிக்கெட் வாங்கிக் கேட்டது கிராமத்திலிருந்து போன சரக்குதான். அது எப்படிப் போயிற்று என்பது நூற்றைம்பது வருஷத்துக் கதை.

1855-இல் தஞ்சாவூரின் கடைசி மராட்டிய அரசர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் காலமானார். கும்பெனியார் சமஸ்தானத்தை எடுத்துக்கொண்டார்கள். அரண்மனையை நம்பியிருந்த சங்கீத வித்வான்களும் நாட்டியக் குடும்பங்களும் மைசூர், திருவனந்தபுரம், புதுக்கோட்டை, ராமநாதபுரம், சென்னை என்று பிரிந்து போனார்கள். ஆனால் எல்லாக் கலையும் அரண்மனைக்குள்ளேயே இருந்துவிடவில்லை. உ.வே.சாமிநாதையர் பிறந்ததும் அதே 1855-இல்தான். அவருடைய தகப்பனார் வேங்கடசுப்பையர் கனம் கிருஷ்ணையரின் சிஷ்யர். அரியலூர், குன்னம் பக்கத்து ஊர்களில் தங்கி ராமாயணப் பிரசங்கம் செய்து குடும்பத்தை நடத்தியவர். ஊரார் நெல்லும் பணமும் கொடுத்து ஆதரித்ததையும், ஆதரவு குறைந்ததும் வேறு ஊர் பார்க்க வேண்டியிருந்ததையும் ‘என் சரித்திரம்’ விரிவாகச் சொல்கிறது. அன்று கிராமத்தில் கலை நடந்த விதம் இதுதான். டிக்கெட் கிடையாது. செலவு மிராசுதாரர், கோயில், கல்யாண வீடு இவர்களுடையது. இரவு முழுவதும் நாகஸ்வரம், விடிய விடிய பஜனை, பல நாள் நீடிக்கும் கதாகாலட்சேபம்.

அதைப் பொற்காலம் என்று ஒரேயடியாகப் புகழவும் எனக்கு மனம் வரவில்லை. அக்ரஹாரத்துப் பந்தலில் எல்லோரும் வந்து உட்கார முடிந்ததில்லை. ஸ்வாமி புறப்பாட்டில் இரவெல்லாம் வாசித்த நாகஸ்வர வித்வான்களுக்கும், சதிர் ஆடிய பெண்களுக்கும் கலைக்குக் கிடைத்த மரியாதை மனுஷருக்குக் கிடைக்கவில்லை. டிக்கெட் என்பது வியாபாரம்தான். ஆனால் காசு கொடுத்தவர் யாராயிருந்தாலும் நாற்காலி உண்டு என்ற நியாயத்தையும் அது கொண்டுவந்தது.

நகரத்துக்குப் போனவர்களில் நாம் முக்கியமாக நினைக்க வேண்டியவர் பட்டணம் சுப்பிரமணிய ஐயர் (1845–1902). திருவையாற்றுக்காரர். மானம்புச்சாவடி வேங்கடசுப்பையரிடம் பயின்று தியாகராஜர் பரம்பரையில் வந்தவர். பேகடா ராகத்தில் அவருக்கிருந்த தேர்ச்சியால் ‘பேகடா சுப்பிரமணிய ஐயர்’ என்றும் பெயர். சில வருஷங்கள் சென்னையில் வசித்ததால் ‘பட்டணம்’ ஒட்டிக்கொண்டது. ஊர்ப் பெயரைச் சுமந்து நகரத்துக்குப் போனவர்கள் நடுவில், நகரத்தின் பெயரைச் சுமந்து ஊருக்குத் திரும்பியவர் இவர். திருவையாற்றில் அவருக்குச் சபை இல்லாமற் போகவில்லை. மைசூர் மகாராஜாவின் உதவியோடு வாசுதேவாச்சார் அங்கே வந்து குருகுலவாசம் செய்தார். பூச்சி சீனிவாச ஐயங்காரும் டைகர் வரதாச்சாரியாரும் அவருடைய சிஷ்யர்கள்தான்.

அதற்குப் பிறகு வண்டி ஒரே திசையில்தான் ஓடியது. திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி சுவாமி சபா 1900-இல் ஏற்பட்டது. 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த சங்கீத மாநாட்டின் பலனாக மறு வருஷம் மியூசிக் அகாடமி பிறந்தது. சபாவுக்கு வருகிறவர்கள் மறுநாள் காலை ஆபீஸ் போக வேண்டியவர்கள். வர்ணத்தில் ஆரம்பித்துப் பல கீர்த்தனைகள், நடுவில் ராகம் தானம் பல்லவி, கடைசியில் துக்கடா என்று அளவாகப் பரிமாறும் இன்றைய கச்சேரிப் பந்ததியை அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) நிலைநிறுத்தினார் என்பார்கள். அந்த அளவில் நகரத்துக் கடிகாரத்துக்கும் பங்குண்டு என்பது என் அபிப்பிராயம். ஆகவே ஊருக்குத் திரும்பியவர் ஏங்குகிற மூன்று மணிக் கச்சேரி, பழைய கிராமத்தில் அந்த உருவில் என்றுமே இருந்ததில்லை.

கிராமம் காலியானது சங்கீதத்தால் மட்டுமல்ல. இங்கிலீஷ் படிப்பும் ரயிலும் நம்மவர்களைச் சென்னைக்கும், பிறகு மாதுங்காவுக்கும் கரோல் பாகுக்கும் கல்கத்தா லேக் பகுதிக்கும் இழுத்தன. 1952-இல் தஞ்சை சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1961-இல் முப்பது ஸ்டாண்டர்டு ஏக்கர் உச்சவரம்பும் வந்தன. உழுதவர்களுக்கு அது நியாயம். மிராசுதாரர் செலவில் நடந்த உத்ஸவக் கச்சேரிக்கு அத்தோடு முடிவு. போனவர்கள் போன இடத்தில் சும்மா இருக்கவில்லை. மும்பையில் 1952-இல் ஷண்முகானந்த சபாவை அமைத்தார்கள். அதன் பெரிய ஹால் 1990-இல் தீக்கிரையானபோதும் விடாமல் மீண்டும் எழுப்பினார்கள்.

ஊரில் மிஞ்சியவர்களுக்கு ரேடியோ வந்தது. சென்னை நிலையம் 1938-இலும் திருச்சி நிலையம் 1939-இலும் தொடங்கின. இன்று கைபேசியிலேயே எந்த வித்வானையும் கேட்கலாம். அப்படியிருந்தும் ஏக்கம் தீரவில்லை என்றால், குறைவது பாட்டல்ல. தனி ஆவர்த்தனத்தில் கூடவே தாளம் போடும் பக்கத்து நாற்காலிக்காரரும், வெளியே வந்து “இன்றைக்குத் தோடி எப்படி?” என்று சண்டை போட ஒரு நண்பரும்தான்.

இதற்கு மெலட்டூரைப் பார்க்க வேண்டும். அச்சுதப்ப நாயக்கர் அந்தணக் குடும்பங்களுக்குத் தானமாகக் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஊர். வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றிய பிரகலாத சரித்திரம் முதலிய நாடகங்களை, ஆண்களே பெண் வேஷமும் கட்டி, வைகாசி நரசிம்ம ஜயந்தியை ஒட்டி வரதராஜப் பெருமாள் சந்நிதி எதிரே விடிய விடிய ஆடுகிறார்கள். நடிப்பவர்களில் பலர் வெளியூர்களில் உத்தியோகம் பார்ப்பவர்கள். லீவு போட்டு வந்து வேஷம் கட்டுகிறார்கள். திருவையாற்று ஆராதனையும் செம்பை கிராமத்து ஏகாதசி உத்ஸவமும்கூட வருஷத்துக்கொரு முறை ஊரை நிரப்புகின்றன.

வருஷத்தில் சில நாள் போதுமா என்று கேட்பீர்கள். போதாதுதான். மீதி நாட்களுக்குத் திருவையாற்றில் பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் இருந்தது ஹால் அல்ல. பாடம் கேட்க வந்த நாலு பிள்ளைகளும் ஒரு தம்பூராவும்தான்.